தள்ளாட்டத்தைக் குடி என்று எண்ணிய நாள்: பைபோலாரும் குடிநோயும் சேர்ந்திருந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பைபோலார் (மனம் அளவுமீறி எழுவதும் ஆழ்ந்து சோர்வதும் மாறி மாறி வரும் நோய்), குடிநோய் ஆகிய இரண்டும் சேர்ந்திருந்த ஒருவருடைய 18 மாத சிகிச்சையை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. குறிப்பிடப்படும் மருந்து அளவுகள் அவருடைய உடல்நிலைக்கும் இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்கும் ஏற்பத் தீர்மானிக்கப்பட்டவை. வேறொருவருக்கு அப்படியே பொருந்தாது.

பின்னணி

வயது 37. திருமணமானவர், ஒரு குழந்தை. இயந்திரப் பிரிவில் மேற்பார்வையாளர்; மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. 19 வயதில் குடிக்கத் தொடங்கி, 28 வயதிலிருந்து, இடையிடையே நிறுத்திய காலம் தவிர, தினமும் குடித்து வந்தார். ஒரு நாளைக்கு 20 சிகரெட்.

இந்த மருத்துவமனைச் சேர்க்கைக்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் மூன்று முறை குடிநோய் மறுவாழ்வு மையங்களில் தங்கியிருக்கிறார். மூன்று முறையும் குடியை நிறுத்திய பிறகு தூக்கமின்மையும் எரிச்சலும் ஓயாத பேச்சும் இருந்தன. மூன்று முறையும் அவை குடியை நிறுத்தியதன் விளைவு என்றே கோப்பில் எழுதப்பட்டன. இடையில் இரண்டு முறை மனநலப் பிரிவுக்குப் போனபோது, "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். மறுவாழ்வு மையத்திலோ, மனசைச் சரிசெய்துகொண்டு வரச் சொன்னார்கள். இரண்டு கதவுகளுக்கும் நடுவில் ஆறு ஆண்டுகள் கழிந்தன.

இந்த அலைக்கழிப்பு அரிதானதல்ல. இரண்டும் சேர்ந்து வருவதும் அரிதல்ல. அமெரிக்காவில் 1990இல் வெளியான பெரிய மக்கள்தொகை ஆய்வில், பைபோலார் உள்ளவர்களில் 56 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மது அல்லது போதைப்பொருள் சார்ந்த கோளாறு இருந்தது. ஆகவே ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகவே இருந்திருக்க வேண்டும்.

சேர்க்கைக்கு எட்டு மாதம் முன்பு, சோர்வாக இருக்கிறார் என்று ஒரு பொது மருத்துவர் எஸ்சிடாலோபிராம் என்னும் மனச்சோர்வு மருந்தை 10 மி.கி. தொடங்கினார். பழைய எழுச்சிக் காலங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் தூக்கம் நான்கு மணி நேரமாகக் குறைந்தது, குடி கூடியது. மாத்திரை மட்டும் நிற்காமல் தொடர்ந்தது.

சேர்க்கை நாளில் கண்டவை

மனைவியும் நோயாளியின் அக்காவும் அழைத்து வந்தார்கள். ஒன்பது நாளாக இரவில் இரண்டு, மூன்று மணி நேரத் தூக்கம்தான். வேலையை விடப் போவதாகக் கடிதம் கொடுத்திருந்தார். தெரிந்தவர்களிடம் கடன் வாங்கி, தொழில் தொடங்குவதாக மூன்று பேருக்கு முன்பணம் தந்திருந்தார். தினமும் 40 விழுக்காடு சாராயச் செறிவுள்ள மது சுமார் 375 மி.லி. குடித்தார். இதில் ஏறக்குறைய 118 கிராம் சாராயம் இருக்கிறது. 10 கிராம் ஓர் அளவு என்று கணக்கிட்டால் 12 அளவுகள். கடைசியாகக் குடித்தது பத்து மணி நேரத்துக்கு முன்பு.

நாடித்துடிப்பு 112, இரத்த அழுத்தம் 150/96. கை நீட்டினால் நடுக்கம், நெற்றியில் வியர்வை, இரண்டு முறை வாந்தி. கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன: ஏ.எஸ்.டி. 142, ஏ.எல்.டி. 68, ஜி.ஜி.டி. 310. இரத்தத் தட்டணுக்கள் குறைவு, 1,30,000. பொட்டாசியம் 3.2, மக்னீசியமும் குறைவு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9, அதுவும் தைராய்டும் சரியாக இருந்தன.

பேச்சு வேகமாகவும் விட்டுவிட்டுத் தாவுவதாகவும் இருந்தது. ஆனால் இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம், எதிரில் யார் என்பதெல்லாம் தெளிவாகச் சொன்னார். இந்தத் தெளிவு முக்கியமானது. குடியை நிறுத்தியதால் வரும் குழப்ப நிலையில் கவனம் மணிக்கு மணி ஏறி இறங்கும், நாளும் இடமும் குழம்பும். மேனியா எனப்படும் எழுச்சி நிலையில் ஆள் கட்டுக்கடங்காமல் இருப்பார், ஆனால் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். இவரிடம் எழுச்சி நிலையும் குடி நிறுத்தத்தின் தொடக்க அறிகுறிகளும் ஒன்றாக இருந்தன. குழப்ப நிலை அப்போது இல்லை. அடுத்த 96 மணி நேரத்துக்குள் வரக்கூடிய வாய்ப்பு இருந்தது.

முதல் வாரம்: எதை முதலில் கவனிப்பது

குடி நிறுத்தத்தால் வரும் வலிப்பு கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்தில் வரும். குழப்ப நிலை பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்தில். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. எழுச்சி நிலை எவ்வளவு தொந்தரவாக இருந்தாலும் அந்த அளவு அவசரமானதல்ல. அதனால் முதலில், குடி நிறுத்த அறிகுறிகளை அடக்கும் லோரசெபாம் 2 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை தொடங்கி, ஏழு நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. வழக்கமான குளோர்டயசெபாக்சைடைத் தவிர்த்ததற்குக் காரணம் கல்லீரல்: பழுதுபட்ட கல்லீரலில் அது தேங்கி நிற்கும், லோரசெபாம் அவ்வளவு தேங்காது.

தைமின் (வைட்டமின் பி1) 250 மி.கி. ஊசியாக ஐந்து நாள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தைமின் கொடுக்கப்பட்டது. இந்த வரிசை மாறினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சத் தைமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். பொட்டாசியமும் மக்னீசியமும் ஈடுசெய்யப்பட்டன. எழுச்சியைத் தூண்டக்கூடும் என்பதால் எஸ்சிடாலோபிராம் அன்றே நிறுத்தப்பட்டது.

ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். குடி நிறுத்தத்தின் தீவிரத்தை அளக்கும் சிவா (CIWA-Ar) அளவுகோலில் 10 கேள்விகள், மொத்தம் 67 மதிப்பெண். அவற்றில் பதற்றமும் அமைதியின்மையும் உண்டு. எழுச்சி நிலையில் இருப்பவருக்கு இந்த இரண்டும் எப்படியும் உயரும். இவருக்கு முதல் நாள் 17 வந்தது. நான்காம் நாளும் 13 வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் லோரசெபாமைக் கூட்டியிருக்க வேண்டும். ஆனால் நாடி 84 ஆகியிருந்தது, வியர்வை இல்லை, வாந்தி இல்லை, நடுக்கம் லேசாகத்தான் இருந்தது. அந்த 13இல் பெரும்பகுதி எழுச்சி நிலையினுடையது. எனவே நாடி, வியர்வை, நடுக்கம், வாந்தி ஆகிய கண்ணால் காணும் குறிகளை வைத்தே அளவு குறைக்கப்பட்டது. கூட்டியிருந்தால் மயக்கத்தில் கிடந்திருப்பார். அவருக்கு எழுச்சி நிலை இருப்பதே மறைந்திருக்கும்.

மனவெழுச்சிக்கு ஒலான்சபின் இரண்டாம் நாள் இரவு 10 மி.கி. தொடங்கி, பிறகு 20 மி.கி. வரை உயர்த்தப்பட்டது. இந்த வகை மருந்துகள் வலிப்புக்கான வாசலைக் கொஞ்சம் தாழ்த்தும் என்பதால், லோரசெபாம் உடலில் ஏறிய பிறகே கொடுத்தார்கள். இரண்டையும் ஊசியாக ஒரே நேரத்தில் போடக் கூடாது. மூச்சும் இரத்த அழுத்தமும் விழும். இவருக்கு ஒலான்சபின் மாத்திரையாகவே போதுமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் பகலெல்லாம் தூங்கினார். காரணம் சிகரெட். புகையில் உள்ள சில சேர்மங்கள் ஒலான்சபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடும். மருத்துவமனையில் புகைக்க முடியாததால் ஒரு வாரத்தில் அந்தத் தூண்டல் அடங்கி, அதே மாத்திரையில் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிட்டது. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை இதை ஈடுசெய்யாது. நொதியைத் தூண்டுவது புகை, நிக்கோட்டின் அல்ல. அளவு 15 மி.கி. ஆக்கப்பட்டது. வீட்டுக்குப் போய் மறுபடி புகைத்தால் அளவு இறங்கும் என்பதும் குறித்து வைக்கப்பட்டது.

பதினைந்து ஆண்டுகளை ஒரு தாளில் வரைந்தது

இரண்டாம் வாரத்தில், அவரும் அக்காவும் செவிலியரும் உட்கார்ந்து ஒரு நீளமான தாளில் மூன்று கோடுகள் வரைந்தார்கள்: மனநிலை, தூக்கம், குடி. 22 வயதிலிருந்து ஆண்டுவாரியாக. தேதி நினைவில்லாத இடங்களில் திருமணம், குழந்தை பிறப்பு, வேலை மாற்றம் ஆகியவற்றை வைத்து நினைவுபடுத்தினார்கள். மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

தாளில் மூன்று செய்திகள் தெரிந்தன. 22 வயதில் இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்திருக்கிறார். அப்போது அவர் குடித்தது மாதத்துக்கு இரண்டு, மூன்று முறைதான். 25 வயதில் மூன்று வாரம் மிகக் குறைந்த தூக்கத்தோடும் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறார். வீட்டில் அதை "நல்லா இருந்த காலம்" என்றே நினைவில் வைத்திருந்தார்கள். 31 வயதில் 11 மாதம் ஒரு சொட்டும் குடிக்காமல் இருந்தபோது, ஏழாம் மாதத்தில் ஆறு வாரம் மனச்சோர்வு வந்திருக்கிறது. குடியே இல்லாத காலத்தில் வந்த மனச்சோர்வைக் குடியின் விளைவு என்று சொல்ல வழியில்லை. தாய்மாமா ஒருவர் பல ஆண்டுகளாக, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்னும் மருந்தைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார் என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. பைபோலார் முதல் வகை (மேனியா வரும் வகை) என்ற நோயறிதல் இந்தத் தாளின் பலத்தில் உறுதியானது.

அவரை அதிகம் பாதித்தது வேறொன்று. குடி கூடிய ஒவ்வொரு முறையும், அதற்கு நான்கு முதல் பத்து நாள் முன்பே தூக்கக் கோடு இறங்கியிருந்தது. குடித்ததால் தூக்கம் கெட்டது என்றுதான் அவரும் வீட்டாரும் இதுவரை நம்பியிருந்தார்கள். அதுவும் நடந்தது உண்மைதான். மது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவுத் தூக்கத்தை உடைக்கும். ஆனால் தொடக்கம் தூக்கத்தில் இருந்தது.

மருந்துத் தேர்வும் காரணங்களும்

குடிப்பவருக்கு மனநிலையைச் சீராக்கும் மற்றொரு மருந்தான வால்புரோயேட் பொருத்தம் என்ற கருத்துக்கு அடிப்படை உண்டு. 2005இல் வெளியான, 59 பேர் பங்கேற்ற கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வில், லித்தியத்தோடு அதைச் சேர்த்தவர்களிடம் அதிகக் குடி நாட்கள் குறைந்தன. ஆனால் இவருடைய தட்டணுக்கள் குறைவு, கல்லீரல் நொதிகள் அதிகம். வால்புரோயேட் இரண்டையும் மோசமாக்கலாம். சிறுநீரகம் சரியாக இருந்தது, மாமாவுக்கு லித்தியம் பலித்திருந்தது, தற்கொலை எண்ணம் முன்பு வந்திருந்தது. லித்தியம் தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் என்பதும் சேர்த்து எடைபோடப்பட்டது.

லித்தியத்தின் குறை, பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது என்பது. உடலில் நீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும். அதனால் வாந்தி நின்று, சாப்பாடும் தண்ணீரும் ஒழுங்கான நான்காம் நாள்தான் தொடங்கினார்கள். 600 மி.கி.யில் ஆறு நாள் கழித்து இரத்தத்தில் அளவு (லிட்டருக்கு மில்லிமோல்) 0.52. 900 மி.கி.யில் ஒரு வாரம் கழித்து 0.76. இரத்தம் எடுத்தது கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரத்துக்குப் பின். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.

குடி வேட்கைக்கு நால்ட்ரெக்சோன். நொதிகள் இறங்கிய பிறகு 20ஆம் நாள் 25 மி.கி., மூன்று நாள் கழித்து 50 மி.கி. ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வலிநிவாரணி எதுவும் அவர் எடுக்கவில்லை என்பது முதலில் உறுதிசெய்யப்பட்டது. மதுவோடு சேர்ந்தால் உடலில் கடும் எதிர்வினை உண்டாக்கும் டைசல்ஃபிரம் வேண்டாம் என்று முடிவானது: எழுச்சி நிலையில் முன்பின் யோசிக்காமல் குடித்தால் வரும் எதிர்வினை ஆபத்தானது, அந்த மருந்தே சிலருக்கு மனப்பிறழ்வைத் தூண்டும்.

வீடு திரும்பும்போது

24ஆம் நாள் வீடு திரும்பினார். இரண்டு நோய்களுக்கும் ஒரே மருத்துவர், ஒரே கோப்பு, ஒரே சந்திப்பு நாள். ஏழு நாளுக்கான மாத்திரைகள் மட்டும் அக்காவிடம் கொடுக்கப்பட்டன. மொத்தமாக விழுங்கினால் லித்தியம் கொல்லும். பகல் பணிக்கு மாற்றக் கோரி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதப்பட்டது. பெரிய தொகை எடுக்க மனைவியின் ஒப்புதலும் வேண்டும் என்று அவரே வங்கியில் எழுதிக் கொடுத்தார். தினமும் தூங்கிய மணி நேரத்தை எழுத வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த இரவு இரண்டு தொடர்ந்து வந்தால், குடித்தாலும் குடிக்காவிட்டாலும், அன்றே அழைக்க வேண்டும்.

வலி மாத்திரைகள் பற்றி வாய்மொழியாக எச்சரித்தார்கள். தாளில் எழுதவில்லை.

ஒன்பதாம் வாரம்: சறுக்கல்

எழுச்சி அடங்கியதும் மனச்சோர்வு வந்தது. நால்ட்ரெக்சோனை மூன்று நாள் விட்டுவிட்டு, இரண்டு நாள் தலா 180 மி.லி. குடித்தார். மூன்றாம் நாள் தானே அழைத்துச் சொன்னார். அன்றே வரச்சொல்லி லித்தியம் அளவு பார்த்தார்கள், 0.70. "ஏன் குடித்தாய்" என்று கேட்கவில்லை. தூக்கத்தையும் மனநிலையையும் கேட்டார்கள். மனச்சோர்வுக்கு மறுபடி எஸ்சிடாலோபிராம் தொடங்காமல், ஒலான்சபினைக் குறைத்துக்கொண்டே, பைபோலார் மனச்சோர்வுக்குத் தரப்படும் குவெட்டியாபின் இரவு 300 மி.கி. வரை உயர்த்தப்பட்டது. நான்கு வாரத்தில் தேறினார்.

பதினேழாம் வாரம்: தவறாகப் படிக்கப்பட்ட அறிகுறி

பல்வலி. பல் மருத்துவரிடம் தான் லித்தியம் சாப்பிடுவதை அவர் சொல்லவில்லை. இபுபுரோஃபென் 400 மி.கி. நாளுக்கு மூன்று வேளை, ஆறு நாள். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கும் தொடங்கியது, தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. இபுபுரோஃபென் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். நீர் குறைந்தது அதை இன்னும் இறுக்கியது.

ஆறாம் நாள் மாலை நாக்கு குழறியது, நடை தள்ளாடியது, வாந்தி எடுத்தார். மனைவி நாத்தனாருக்குத் தொலைபேசியில் சொன்னது: "மறுபடியும் குடிச்சிட்டாரு அண்ணி." அவர் மறுத்தார். பத்து ஆண்டுகளாக இதே மறுப்பைக் கேட்டவர்களுக்கு அது நம்பும்படியாக இல்லை. சண்டை நடந்தது. அறையில் படுக்க வைத்தார்கள். மாத்திரை தவறக் கூடாதே என்ற அக்கறையில் அன்றிரவு லித்தியத்தையும் கொடுத்தார்கள். இந்த நிகழ்வில் மிகவும் ஆபத்தான கணம் அதுதான், அது அன்பினால் நேர்ந்தது.

மறுநாள் காலை வந்த அக்கா நான்கு விஷயங்களைக் கவனித்தார்: மது வாடை இல்லை, இரவு முழுக்கத் தூங்கியும் தள்ளாட்டம் குறையவில்லை, கூடியிருந்தது, கை நடுக்கம் பெரிதாக, அடித்துக்கொள்வது போல இருந்தது, தொடைத்தசை துடித்தது. உடனே அழைத்து வந்தார்.

மூச்சில் மது பூஜ்யம். லித்தியம் 2.1, நச்சாகும் அளவு. கிரியேட்டினின் 1.6. லித்தியம், இபுபுரோஃபென் இரண்டும் நிறுத்தப்பட்டன. உப்புநீர் நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. லித்தியம் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் நீர்த்துப்போய் இரத்தச் சோடியம் ஏறும் அபாயம் உண்டு என்பதால், சோடியமும் லித்தியமும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்க்கப்பட்டன. இதயத்துடிப்பு வரைபடம் சரியாக இருந்தது. வயிற்றில் நஞ்சை உறிஞ்சும் கரியைக் கொடுப்பதில் பயனில்லை, லித்தியம் அதில் ஒட்டாது. சிறுநீரக மருத்துவர் பார்த்தார். அரைத்தூக்கம் இருந்தாலும் நினைவு தெளிவு, வலிப்பு இல்லை, அளவும் இறங்கிக்கொண்டிருந்தது, எனவே இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படவில்லை. 24 மணி நேரத்தில் 1.4, 48இல் 0.8. ஆறாம் நாள் கிரியேட்டினின் 1.0.

லித்தியத்தைக் கைவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. காரணம் தெரிந்தது, தவிர்க்கக்கூடியது, மருந்து பலித்துக்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து 600 மி.கி.யில் மறுபடி தொடங்கி, 900க்கு உயர்த்தியபோது அளவு 0.72.

நச்சைவிட ஆற அதிக நாள் எடுத்தது வேறொன்று. "அன்னைக்கு நான் குடிக்கலன்னு நாலு தடவ சொன்னேன்" என்று அவர் கூட்டு அமர்வில் சொன்னபோது மனைவி அழுதார். அடுத்த இரண்டு அமர்வுகள் இதற்கே போயின. வீட்டில் ஒரு மூச்சுச் சோதனைக் கருவி வேண்டும் என்று கேட்டது அவர்தான். தன்னைக் கண்காணிக்க அல்ல. தன் சொல்லுக்குச் சாட்சியாக.

அதன்பின்

11ஆம் மாதத்தில் தூக்கப் பதிவு தொடர்ந்து மூன்று இரவு நான்கரை மணி நேரம் காட்டியது. இரண்டாம் இரவே அழைத்திருக்க வேண்டும். அழைத்தது நான்காம் நாள், அதற்குள் குடி தொடங்கியிருந்தது. ஐந்து நாள் குடித்தார். சில வாரங்களுக்கு ஒலான்சபின் சேர்க்கப்பட்டது, மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்படவில்லை. 18ஆம் மாத முடிவில் ஏழு மாதமாகக் குடிக்கவில்லை. பகல் பணியில் இருக்கிறார். ஜி.ஜி.டி. 48. எடை 6 கிலோ கூடியிருக்கிறது. தைராய்டு தூண்டும் ஹார்மோன் 5.8 ஆக உயர்ந்திருப்பதால், சிறுநீரகப் பரிசோதனையோடு அதுவும் அடுத்து மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கப்படும். சிகரெட் குறையவில்லை.

மாற்ற வேண்டியவை

கோடுகள் வரைந்த அந்தத் தாளை முதல் மறுவாழ்வு மையத்திலேயே வரைந்திருக்கலாம். அதற்கு நிபுணர் தேவையில்லை. விவரம் தெரிந்த ஒரு உறவினரும் மூன்று மணி நேரமும் போதும்.

மனைவியைப் பின்னால்தான் சேர்த்தார்கள். மாத்திரை அக்காவிடம், எச்சரிக்கையும் அக்காவிடம். ஆனால் மாலை வேளையில் அவரோடு இருந்தவர் மனைவி. லித்தியத்தின் அறிகுறிகளை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இது குழுவின் தவறு.

வீடு திரும்பும்போது தரும் தாள் மாற்றி எழுதப்பட்டது. வலிக்கு, மருத்துவர் சொன்ன அளவில், பாராசிட்டமால் மட்டும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் கூடாது. இரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியவோ புது மாத்திரை எழுதினால், முதலில் லித்தியம் என்று சொல்ல வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் அன்றே அழைக்க வேண்டும். உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது. பர்ஸில் வைக்கும் சிறு அட்டை ஒன்று: "லித்தியம் சாப்பிடுகிறேன்."

தாளின் முதல் வரி பெரிய எழுத்தில்: நாக்கு குழறினாலோ நடை தள்ளாடினாலோ, குடித்தாரா இல்லையா என்று விசாரிக்க வேண்டாம், லித்தியம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். குடித்திருந்தாலும் அதுவே சரி. குடித்து வாந்தியெடுப்பவருக்கும் லித்தியம் ஏறும். அந்தத் தாளில் இப்போது மனைவியின் கையொப்பமும் இருக்கிறது.